இடது குழல்

பழைய தொப்பியை யாரும் வீணாக்கக் கூடாது, ஐயா. நல்ல கம்பளித் தொப்பி ஒன்று இருந்தால் அதிலிருந்து அறுபது தக்கை வெட்டலாம். உங்கள் மேசைமேல் இருக்கிற தொப்பியைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கும். அப்புறம் தலைக்கு உதவாது, துப்பாக்கிக்கு உதவும்.

உங்கள் எழுத்தர் எழுதத் தொடங்கிவிட்டார், நல்லது. என் பெயர் டோர்காஸ் பெவரல். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊர்ப் பாதிரியார் ஆம்ப்ரோஸ் பெவரலின் அக்கா. போன மாதம் இரண்டாம் தேதி டர்னிப் வயலில் துப்பாக்கி வெடித்துச் செத்துப்போனானே, அவன்தான் என் தம்பி. ஊரே அவனைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறது. எனக்கு 'அவர்' என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது, எனக்கு ஏழு. அவனுக்குக் கஞ்சி ஊட்டியவள் நான்.

விசாரணையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, குழலின் இரும்பில் குறை இருந்தது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு தப்பு. அதைச் சொல்லத்தான் நீதிபதியான உங்களிடம் வந்தேன். தேநீர் கொடுத்தீர்கள், நன்றி. கொஞ்சம் கசக்கிறது.

ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். எங்கள் அப்பாவும் பாதிரியார்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற ஆறு நாளும் கௌதாரி. மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார், கூட வர ஆள் இல்லை, அதனால் என்னை இழுத்துக்கொண்டு போனார். ஊரார் கண்ணுக்கு நான் சாப்பாட்டுக் கூடை தூக்குகிறவள். வேலியைத் தாண்டியதும் கூடை தரையில், துப்பாக்கி என் கையில். பத்து வயதிலேயே அவருக்குத் துப்பாக்கியைக் கெட்டித்துக் கொடுத்தேன். "உன் கையில இருக்கற நிதானம் பிஷப்புக்கே கிடையாதுடி"ன்னு சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் சேற்றில் எத்தனை மைல் நடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கெட்டிப்பது பெரிய வித்தை இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்து, அதன்மேல் அதை அடைத்துப் பிடிக்கக் கம்பளித் தக்கை, கோலால் இரண்டு குத்து. பிறகு ஈய ரவை, அதன்மேல் மெல்லிய தக்கை. அதற்குக் காகிதமே போதும். கடைசியில் பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி விழும். சமையல் இதைவிடக் கஷ்டம்.

தக்கை மட்டும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு துப்பாக்கிகள். அப்பாவுடையது ஒற்றைக் குழல், என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். தம்பியுடையது இரட்டைக் குழல், வாய் சிறியது. அதனால் தக்கை வெட்ட இரண்டு வட்ட உளிகள் வைத்திருந்தோம். அப்பாவின் தக்கை தம்பியின் குழலுக்குள் போகாது. தம்பியின் தக்கையை அப்பாவின் குழலில் போட்டால் நிற்காது, துப்பாக்கியைச் சாய்த்ததும் ரவை எல்லாம் காலடியில் கொட்டிவிடும். நான் ஒரு தடவைகூட மாற்றிப் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வேன், எது யாருடையது என்று.

இரட்டைக் குழலில் இன்னொரு சங்கதி உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில், போட்ட குழலிலேயே மறுபடியும் மருந்தைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டுத்தான் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் இரண்டு விரலை இழந்தார். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு குழலை நிரப்பியதும் கோலை அதற்குள்ளேயே நிற்க விட்டுவிட்டு, அடுத்ததில் மருந்து ஊற்ற வேண்டும். கோல் நிற்கிற குழலில் கை வைக்கக் கூடாது. கோலிலேயே ஒரு கோடும் கீறியிருக்கும். கோடு குழல்வாய்க்கு நேராக நின்றால் அளவு சரி, மேலே ஏறி நின்றால் உள்ளே அதிகம் இருக்கிறது. ஆம்ப்ரோஸ் அந்தக் கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கொடுத்ததை வாங்கிச் சுடுவான்.

அப்பா செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. சபையும் வீடும் தம்பிக்கு வந்தன. கூடவே நானும். அப்பாவின் துப்பாக்கி அடுப்புக்கு மேலே சுவரில் ஏறியது. அவருடைய சில்லறைச் சாமான்களை, குடுவை, ரவைப்பை, திருப்புளி, இன்ன பிற, தம்பியின் துப்பாக்கிப் பெட்டியில் அடித்தட்டில் போட்டு மூடினேன். அவன் தன் பெட்டியைத் தானாகத் திறந்தவன் இல்லை. அதெல்லாம் என் வேலை.

அவன் நல்லவன், ஐயா. அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வயலில் யாரும் கண்ணில் படாத நாட்களில் வலது குழலைச் சுட்டுவிட்டு, துப்பாக்கியை அப்படியே என்னிடம் நீட்டுவான். "இடது உன்னுதுக்கா, சீக்கிரம், பறக்குது பாரு!" இருபது வருஷமாக அப்படித்தான். வீட்டுக்கு வந்து நான் அடித்ததையும் தன் கணக்கில்தான் சொல்வான், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த இடது குழல் ஒன்றுதான். அதைக் கொடுத்தது அவன்.

இந்தக் கோடையில் அவன் திருமதி காட்டரைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தான். விதவை. பருத்த, சிரித்த முகம். வரும்போதெல்லாம் சீரக கேக் கொண்டுவருவாள், கேக்கும் நன்றாகவே இருக்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அவளுக்கு மயக்கம் வரும். அதனால் இந்தப் பருவத்தோடு வேட்டையை விட்டுவிடுவதாகத் தம்பி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நாயையும் யாருக்கோ கொடுத்துவிடுவதாகப் பேச்சு. எனக்கு லின் நகரத்தில் சித்தப்பா மகள் வீட்டில் மாடியறை ஒன்று பார்த்து வைத்திருந்தான். ஜன்னலிலிருந்து கப்பல்கள் தெரியுமாம்.

"உனக்கும் ஓய்வு வேண்டாமாக்கா? எத்தனை நாளைக்குத்தான் எனக்குக் குண்டான் கழுவுவே?" என்றான்.

"குண்டான் கழுவுறதை யாருப்பா குறையாச் சொன்னா?" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை, ஐயா. எழுத்தர் இதைத் தனியாக அடிக்கோடிட்டால் நல்லது. ஒரு மாடியறைக்காகக் கொலை செய்கிறவள் இல்லை நான்.

காரணம் வேறு. ஆகஸ்டு முப்பதாம் தேதி மத்தியானம், பருவம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து வைக்கலாம் என்று பெட்டியை எடுத்தேன். தக்கை போதவில்லை. அடித்தட்டைக் கிளறினேன். அங்கே ஒரு தகர டப்பா. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கத்தி முனையால் நெம்பினேன். உள்ளே காகிதத் தக்கைகள். கடிதத் தாளை மடித்து உளியால் வெட்டிய வட்டங்கள். ஒன்றில் 'டோர்கா' என்று இருந்தது. மீதி எழுத்தை உளி தின்றிருந்தது.

அந்தக் கையெழுத்தை நான் இருபத்தொரு வருஷமாகப் பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்தது. கிடியன் தாக்ஸ்டர் என்று ஒருவர். ஊர்ப் பொதுநிலத்தை அளக்கச் சங்கிலியோடு வந்தவர். எனக்கு அப்போது இருபத்துமூன்று. அளந்து முடிக்க ஆறு வாரம் போதும், அவர் பதினான்கு வாரம் எடுத்துக்கொண்டார். போகும்போது எழுதுகிறேன் என்றார். நான் காத்திருந்தேன். தபால் வண்டிச் சத்தம் கேட்டால் கை மாவோடு வாசலுக்கு ஓடுவேன். இலையுதிர் காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. எழுதவில்லை என்று நினைத்தேன். ஊரில் ஒருத்தியோடு பேசி மகிழ்ந்துவிட்டுப் போகிற ஆள் என்று நினைத்தேன். அவரை வெறுக்கக் கற்றுக்கொண்டேன், ஐயா. அதற்கே நாலு வருஷம் பிடித்தது.

ரொட்டி பிசைகிற பலகையில் வட்டங்களைப் பரப்பினேன். நாற்பத்தாறு இருந்தன. மாலை வரை நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன். மூன்று கடிதங்கள். லிங்கனில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒன்றில். இரண்டு அறையும் ஒரு பேரிமரமும் உள்ள வீடு. பேரிமரம் முழுசாக இருந்தது, அந்த வார்த்தை மட்டும் ஒரே வட்டத்துக்குள் அழகாக விழுந்திருந்தது. கடைசிக் கடிதத்தில், லின் நகரச் சத்திரத்தில் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாள் வரை காத்திருப்பேன், பதில் வராவிட்டால் உன் விருப்பம் அதுவென்று எடுத்துக்கொண்டு இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று. பாதி வார்த்தைகள் இல்லை. அவை வெடித்துப் போய்விட்டன. அந்த வருஷம் கௌதாரிகளை ஓடி ஓடிப் பொறுக்கியவள் நான்தான். என் கடிதத்தின் மீதி என் காலடியிலேயே புகைந்து கிடந்திருக்கும்.

அழுதேன். சொல்வதில் வெட்கம் இல்லை. வேலைக்காரி பெக் உள்ளே வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். "வெங்காயம்"னு சொன்னேன். பலகையில் வெங்காயம் இல்லை. பாவம், அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் தம்பியிடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"கிடியன் தாக்ஸ்டர்னு ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"யாரு, அந்தச் சங்கிலிக்காரரா? நல்ல மனுஷன். எனக்குக் கோணம் அளக்கச் சொல்லிக் கொடுத்தாரே." ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சொன்னான். "பாவம்க்கா அவரு. நீ மாட்டேன்னுட்டதும் மனசு ஒடிஞ்சு போயிட்டாராமே."

"நான் மாட்டேன்னேனா?"

"அப்பாதான் சொன்னாரு. லீவுல வந்தப்ப கேட்டேன். 'உங்கக்கா வேண்டாம்னுட்டா, அந்தப் பேச்சை அவகிட்ட எடுக்காதே, வருத்தப்படுவா'ன்னாரு. அதான் இத்தனை வருஷமா நான் வாயே திறக்கலை. ஏன், சொல்லலையா நீ?"

குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றான். ஒரு பாதிரியார் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான் என்று மனசுக்குள் நினைத்தேன். பெட்டி அவனுடையது. டப்பா அவன் பெட்டியில் இருந்தது. செத்துப்போன அப்பாமேல் பழியைப் போடுகிறான். அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் பொறுத்தேன். அந்த மாதத்தில் ஒன்பது முறை வேட்டைக்குப் போனோம், ஒன்பது முறையும் ஒழுங்காகக் கெட்டித்துக் கொடுத்தேன். பொறுமை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் இரண்டாம் தேதி காலை. பனி விலகி நல்ல வெயில். டர்னிப் வயலின் வேலிக்கதவு அருகே நின்றோம். எங்கள் நாய் ஜூனோவின் பாதத்தில் முள். தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டிருந்தான். "அழாதேடி ராஜாத்தி, இதோ வந்துடுச்சு" என்று நாயோடு பேசிக்கொண்டிருந்தான். நான் வலது குழலைச் சரியாக நிரப்பினேன். பிறகு இடது. மருந்து, தக்கை, ரவை, தக்கை. இரண்டு மடங்கு போட்டால் சில சமயம் தோள்பட்டை கன்றிப்போவதோடு நின்றுவிடும். அதனால் மூன்று மடங்கு போட்டேன். கோல் ஒரு சாண் வெளியே நின்றது. அதைக் குழலிலேயே விட்டு வைத்தேன். அவன் திரும்பினால் கோடு தெரியட்டும் என்று. அவன் திரும்பினான், நாயின் முள்ளை எனக்குக் காட்டினான், துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். கோலை அவனே உருவிக் குழலுக்குக் கீழே சொருகினான். என்னைப் பார்த்தானே தவிரக் கோலைப் பார்க்கவில்லை.

ஒரு கூட்டம் எழும்பியது. எட்டு இருக்கும். வலது குழலைச் சுட்டான், ஒன்று விழுந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். வயலில் யாரும் இல்லை. சிரித்துக்கொண்டே துப்பாக்கியை என்னிடம் நீட்டினான்.

"இடது உன்னுதுக்கா. இனிமே இந்தப் பாக்கியம் எப்ப கிடைக்குமோ. எடுத்துக்கோ."

முதல் நாளே எனக்குள் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன், ஐயா. அவன் நீட்டினால் நான் வாங்கிக்கொள்வது, நீட்டாவிட்டால் அவனே சுடுவது. கடவுளிடம் விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவன் நீட்டிவிட்டான். கை எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது. வாங்கியிருக்கலாம். வாங்கி வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தால் அவன் இன்றைக்குத் திருமதி காட்டரோடு கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

"இல்லப்பா, இன்னிக்கு நீயே சுடு" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நான் பார்க்கிறேன்."

பார்த்தேன். குழல் அவன் இடது கைக்கு மேலே பிளந்தது. ஒரு துண்டு கழுத்தில். விழுந்தவனை மடியில் போட்டுக்கொண்டேன். பேச முடியவில்லை, என் முகத்தையே பார்த்தான். எனக்கு ஏதாவது பட்டுவிட்டதோ என்று தேடுகிற பார்வை அது. அவனை எனக்கு நன்றாகத் தெரியும், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. "எனக்கு ஒண்ணுமில்லைடா, எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடினான். அதற்கப்புறம் இந்த ஐந்து வாரமாக என் மடி அப்படியே கனக்கிறது.

நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மாபட் வந்துவிட்டார். துப்பாக்கி பழுது பார்க்கிறவர், ஆகஸ்டில் எங்கள் குழலில் மருந்துக்குத் தீ போகிற பற்றுத்துளையைப் புதுப்பித்தவர். விசாரணையின் முடிவு வெளியானதும் ஊரார் அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலில் கல் விழுந்தது. அந்தக் கிழவர் முந்தாநாள் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க உண்மையைச் சொல்லுங்கம்மா. என் கைவேலைதான் பாதிரியாரைக் கொன்னுச்சா? நாப்பது வருஷம் வேலை பார்த்திருக்கேன். எனக்குத் தூக்கமே இல்லைம்மா."

அவர் வேலை சுத்தமான வேலை. ஒழுங்கான அளவுக்கு அந்தக் குழல் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கியிருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், தெளிவாக எழுதுங்கள், சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு குற்றமும் செய்யாத மனிதன் இப்படிக் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ. நாற்பத்தாறும் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளலாம். மாபட் வெளியே உட்கார்ந்திருக்கிறார். உங்களிடம் இருக்கிற துப்பாக்கியின் வலது குழல் முழுசாக இருக்கிறது, அதில் இந்தத் தக்கை ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகவே ஒருநாள் கண்டுபிடிப்பீர்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அது போகாது, ஐயா. பெரியது. இவை அப்பாவின் உளியில் வெட்டியவை.

எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். ஆகஸ்டு முப்பதாம் தேதி, முதல் வட்டத்தைக் கையில் எடுத்தபோதே விரலுக்குத் தெரிந்தது. எழுத்தை வாசிப்பதற்கு முன்னாலேயே தெரிந்தது. அப்பா அப்படிச் செய்திருக்கமாட்டார், ஐயா. என் கை நிதானத்தை அப்படிப் புகழ்ந்தவர். அதுவும் போக, அவர் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆம்ப்ரோஸ்தான் எதிரே உட்கார்ந்து குழம்பு கேட்டுக்கொண்டிருந்தான்.

மாபட்டைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், வயதானவர். செய்யாத தப்புக்கு ஒருவர் தண்டனை அனுபவிப்பதை நான் என்றைக்கும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை.